சங்கம் மனு கொடுத்துவிட்டால் நோட்டீஸ் நின்றுவிடுமா?

கோவை கணபதிப் பகுதியில் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவரின் கடிதம். இரண்டு சி.என்.சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்), மூன்று லேத், ஏழு ஆட்கள். ஒரு வால்வு கம்பெனிக்கும் இரண்டு பம்ப் கம்பெனிகளுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறார். காஸ்டிங் அவர்களிடமிருந்து வரும். கடைசல் முடித்து, துளை போட்டு, மரை எடுத்துத் திருப்பி அனுப்புவார். 2022-23ஆம் நிதியாண்டுக்கு இப்போது டி.ஆர்.சி-01, அதாவது குறைவாகக் கட்டிய ஜி.எஸ்.டிக்கு விளக்கம் கேட்கும் நோட்டீஸ், வந்திருக்கிறது. 64 லட்சம் ரூபாய் பில்களுக்கு 12 சதவீதம் வரி கட்டியது தவறு, 18 சதவீதம் கட்டியிருக்க வேண்டும் என்கிறது அது. வித்தியாசம் 3.84 லட்சம், அதற்குமேல் வட்டி, அபராதம்.

பகுதியில் உள்ள சிறுதொழில் சங்கத்தில் விசாரித்தபோது, "இதே மாதிரி நாற்பது பேருக்கு வந்திருக்கிறது, ஆணையருக்கு மனு கொடுத்துவிட்டோம், யாரும் பதில் போட வேண்டாம்" என்று சொன்னார்களாம். நோட்டீஸ் வந்து பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. இதற்கிடையே வால்வு கம்பெனி 11 லட்சம் பாக்கி வைத்திருக்கிறது. சில பில்கள் நான்கு மாதத்தைத் தாண்டிவிட்டன. கேட்டால் ஜாப் நின்றுவிடுமோ என்ற பயம். சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள், சேர்ந்தால் சி.என்.சி மணி ரேட்டை ஒரு தொகைக்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது என்ற தீர்மானத்திலும் கையெழுத்துப் போட வேண்டுமாம். "சங்கம் என்பதே பெரிய ஆட்களுக்குத்தானே, என்னைப் போன்றவனுக்கு அதனால் என்ன பயன்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு கேள்விகளை ஒரே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். அவசரமானது முதல் கேள்விதான், அதற்கான பதிலும் சுருக்கமானது: உங்கள் நோட்டீஸுக்கு நீங்கள்தான் பதில் போட வேண்டும், அதுவும் நோட்டீஸில் குறித்த தேதிக்குள். சங்கத்தின் மனு எத்தனை பேர் கையெழுத்தோடு போனாலும் உங்கள் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாது. மனு கொள்கை சம்பந்தப்பட்டது. நோட்டீஸ் உங்கள் ஜி.எஸ்.டி எண் சம்பந்தப்பட்டது. இரண்டும் வேறு வேறு மேஜைக்குப் போகின்றன. சங்கத்துக்காரர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் பதில் போடாமல் விட்டால் அதிகாரி கையில் உள்ளதை வைத்து ஒருதலையாக, வரியைக் கட்டச் சொல்லும் டி.ஆர்.சி-07 உத்தரவு போட்டுவிடுவார். அதன்பின் மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம், அவ்வளவுதான். அதற்கும் தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம், உங்கள் கணக்கில் 38,400 ரூபாய், முன்பணமாகக் கட்ட வேண்டும். அதையும் விட்டால் வங்கிக் கணக்கை முடக்கும் கடிதம் நேராக உங்கள் கிளைக்குப் போகும்.

பதிலில் என்ன இருக்க வேண்டும்

முதலில், நல்ல செய்தி. நீங்கள் அனுப்பிய நகல்களைப் பார்த்தால் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. இன்ஜினியரிங் ஜாப் ஒர்க்குக்கு 18 ஆக இருந்த வரி 2019 செப்டம்பர் 20 அன்று கோவாவில் நடந்த ஜி.எஸ்.டி கவுன்சில் கூட்டத்தில் 12 ஆகக் குறைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தது. பஸ் பாடி கட்டும் ஜாப் ஒர்க் மட்டும் 18இலேயே நின்றது. வரி விகித அறிவிக்கையில் வரிசை எண் 26இல் இரண்டு உட்பிரிவுகள் ஒன்றுபோலத் தெரிந்ததால் குழப்பம் வந்தது: ஒன்று 12 சதவீதம், இன்னொன்று 18. அதைத் தீர்க்க 2019 நவம்பர் 22 அன்று 126/45/2019 எண்ணுள்ள சுற்றறிக்கை வந்தது. ஜி.எஸ்.டி பதிவு பெற்ற ஒருவருடைய பொருள்மீது செய்யும் வேலை ஜாப் ஒர்க், அதற்கு 12. பதிவு பெறாதவருடைய பொருள் என்றால்தான் 18. உங்கள் மூன்று பார்ட்டிகளும் பதிவு பெற்றவர்கள். காஸ்டிங் அவர்களுடையது.

பிறகு ஏன் நோட்டீஸ் வந்தது? உங்கள் பில் நகலையே பாருங்கள். விவரம் என்ற இடத்தில் "வால்வு பாடி மெஷினிங்" என்று இருக்கிறது; பக்கத்தில் 8481 என்று போட்டிருக்கிறீர்கள். 8481 என்பது வால்வு என்ற பொருளுக்கான எண். ஜாப் ஒர்க் சேவைக்கு 9988 போட்டிருக்க வேண்டும். ரிட்டர்னில் பொருளின் எண்ணும் 12 சதவீதமும் சேர்ந்து வந்ததால், பொருளை விற்றுக் குறைவாக வரி கட்டியதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாற்பது பேருக்கு வந்தது என்றால் அதில் பெரும்பாலோர் இந்த ஒரே தவறைச் செய்திருக்கக்கூடும். எண்ணைத் தவறாகப் போட்டதால் வேலையின் தன்மை மாறிவிடாது. ஆனால் அதை நீங்கள் காகிதத்தால் காட்ட வேண்டும். ஒவ்வொரு பார்ட்டியிடமிருந்தும் அந்த ஆண்டின் பர்ச்சேஸ் ஆர்டர், காஸ்டிங் வந்த டெலிவரி சலான், வேலை முடித்துத் திருப்பிய சலான், ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருளைக் கணக்குக் காட்டி அவர்கள் தாக்கல் செய்த ஐ.டி.சி-04 படிவத்தின் நகல் ஆகியவற்றை வாங்குங்கள். சலான் எண்ணையும் பில் எண்ணையும் பக்கம் பக்கமாக எழுதிய ஒரு பட்டியல் போடுங்கள். அதிகாரி பக்கம் பக்கமான வாதத்தைவிட அந்தப் பட்டியலைத்தான் முதலில் படிப்பார்.

இன்னொரு விஷயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 5.5 லட்சம் ரூபாய்க்கான சில பில்களில் ரவுண்ட் பாரை (உருளை உலோகத் தண்டு) நீங்களே வாங்கி, கடைந்து கொடுத்திருக்கிறீர்கள். அது ஜாப் ஒர்க் அல்ல, பொருள் விற்பனை. பார்ட்டியின் காஸ்டிங்கில் நீங்கள் ஒரு புஷ்ஷோ போல்ட்டோ சேர்த்தால் பரவாயில்லை. ஜாப் ஒர்க் செய்பவர் தன் பொருளையும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று 2018 சுற்றறிக்கையே சொல்கிறது. முழு மூலப்பொருளும் உங்களுடையது என்றால் அந்த வாதம் நிற்காது. ஆக அந்த 5.5 லட்சத்துக்கு வித்தியாசம் 33,000 ரூபாய். அதை வட்டியோடு, தானாக முன்வந்து கட்டுவதற்கான டி.ஆர்.சி-03 படிவம் மூலம், நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் கட்டிவிட்டு, மீதி 58.5 லட்சத்துக்கு எதிர்வாதம் செய்யுங்கள். 30 நாளுக்குள் கட்டினால் அந்தப் பகுதிக்கு அபராதம் வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு நல்ல இடம் கிடைக்கும். எல்லாவற்றையும் மறுப்பவரைவிட, தவறான பகுதியைத் தானே பிரித்துக் கட்டியவரின் மற்ற கணக்கை அதிகாரி நம்பிப் படிப்பார்.

பதிலை டி.ஆர்.சி-06 படிவத்தில் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அதில் நேரடி விசாரணை வேண்டுமா என்ற கேள்விக்கு "ஆம்" என்று குறியுங்கள். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஆவணம் சேரவில்லை என்றால் அவகாசம் கேட்டு எழுதலாம். காரணம் சரியாக இருந்தால் மூன்று முறை வரை ஒத்திவைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதையும் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீத அடுக்கே எடுக்கப்பட்டு, உங்கள் வகை ஜாப் ஒர்க் மறுபடி 18க்குப் போய்விட்டது. பழைய பில் புத்தகப் பழக்கத்தில் இன்னமும் 12 போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த நோட்டீஸுக்கு வாதமே இருக்காது. இன்றே பில்லிங் மென்பொருளில் பாருங்கள்.

அப்படியானால் சங்கம் எதற்கு?

"பெரிய ஆட்களுக்குத்தான் சங்கம்" என்பது தலைகீழான எண்ணம். பெரிய கம்பெனிக்கு வரிப் பிரிவு இருக்கிறது, சட்டப் பிரிவு இருக்கிறது, தில்லியில் ஆள் இருக்கிறது. ஏழு ஆட்கள் வேலை செய்யும் பட்டறையால் விதியை எதிர்த்து எதுவும் செய்ய முடியாது. விதிக்குள் நடக்கத்தான் முடியும். விதியையே மாற்றச் சொல்ல நூறு பட்டறைகள் சேர்ந்தால்தான் முடியும். மேலே சொன்ன 18-12 மாற்றம் நடந்ததே கோவையின் சிறுதொழில் அமைப்புகள் வருடக்கணக்கில் மனுக்களோடு அலைந்த பிறகுதான். வெட் கிரைண்டரையும் பாருங்கள்: 28இல் ஆரம்பித்து, 2017 நவம்பரில் 12க்கு வந்து, 2019இல் 5க்கு இறங்கி, 2022 ஜூலையில் ஒரேயடியாக 18க்கு ஏறியது. சங்கம் வாங்கித் தருவது நிரந்தரம் இல்லை என்பதும் இதில் தெரிகிறது. சந்தாவை ஒரு வருடம் கட்டிவிட்டு நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

உங்கள் நோட்டீஸ் விஷயத்திலேயே சங்கம் செய்யக்கூடிய, நீங்கள் தனியாகச் செய்ய முடியாத வேலைகள் இருக்கின்றன. நாற்பது நோட்டீஸையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, எத்தனை பேருக்குத் தவறான எண்ணால் வந்தது, எத்தனை பேருக்கு மூலப்பொருள் சிக்கல் என்று பிரிக்கலாம். ஒரே ஆடிட்டரை அமர்த்தி மாதிரிப் பதில் தயார் செய்யலாம். செலவு நாற்பதில் ஒரு பங்காகும். ஆனால் மாதிரியை அப்படியே நகலெடுத்து நாற்பது பேரும் ஏற்றினால் எல்லோருக்கும் ஒரே மாதிரி நிராகரிப்பு உத்தரவு வரும். சட்ட வாதம் பொதுவாக இருக்கலாம், சலான் பட்டியல் அவரவருடையதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, குறைதீர்க் குழு. மத்திய, மாநில வரி அதிகாரிகளோடு வணிக, தொழில் சங்கப் பிரதிநிதிகளும் உட்காரும் ஜி.எஸ்.டி குழு இது. காலாண்டுக்கு ஒருமுறை கூட வேண்டும். "உங்கள் வட்டத்தில் 126ஆம் சுற்றறிக்கையைப் பார்க்காமல் நோட்டீஸ் போகிறது" என்று ஆதாரத்தோடு அங்கே வைத்தால் கீழே உள்ள அதிகாரிகளுக்கு அறிவுரை போக வாய்ப்புண்டு. வெறும் "சிறுதொழிலைக் காப்பாற்றுங்கள்" மனு அங்கே எடுபடாது.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாது. 2024 நவம்பர் 1 முதல் மத்திய ஜி.எஸ்.டி சட்டத்தில் 11ஏ என்ற பிரிவு இருக்கிறது. ஒரு தொழிலில் எல்லோருமே பொதுவான வழக்கமாக வரி குறைவாகக் கட்டி வந்திருந்தால், கவுன்சிலின் பரிந்துரைப்படி அந்தப் பழைய பாக்கியை வசூலிக்க வேண்டாம் என்று அரசு அறிவிக்கலாம். "பொதுவான வழக்கம்" என்பதை ஒரு பட்டறையால் நிரூபிக்க முடியுமா? நூற்றுக்கணக்கான பில்களைத் திரட்டி வைக்கச் சங்கத்தால்தான் முடியும். உங்கள் வழக்குக்குச் சுற்றறிக்கையே போதும். அதில் அடங்காதவர்களுக்கு இந்த வழி உதவும்.

சங்கம் வாங்கும் தீர்ப்புகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எதற்கு எவ்வளவு வரி என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளும் முன்கூட்டிய தீர்வு ஆணையத்தில் ஒருவர் வாங்கும் முடிவு, விண்ணப்பித்தவரையும் அவருக்கு உரிய அதிகாரியையும் மட்டுமே கட்டும். உயர் நீதிமன்றத்தில் சங்கம் ரிட் போட்டாலும் இடைக்காலத் தடை பெரும்பாலும் மனுவில் பெயர் உள்ளவர்களோடு நின்றுவிடும். "சங்கம் ஸ்டே வாங்கிவிட்டது" என்று யாராவது சொன்னால், உத்தரவு நகலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வரியைத் தாண்டியும் இதே கதைதான். மின் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் மாற்றும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவையிலும் நடந்தது. உச்ச நேரக் கட்டணத்தால் ஒரு ஷிஃப்டுக்கு எவ்வளவு கூடுதல் செலவு என்று மீட்டர் கணக்கோடு பேசினால் அது பதிவாகும். அதன்பின் வந்த கட்டண உயர்வை எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தின; ஓரளவு நிவாரணமும் கிடைத்தது. சோதனைக்கூடம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு போன்றவற்றில் சங்கத்தின் பங்கு இன்னும் நேரடியானது. மாசு வழக்குகள் வந்தபோது ராணிப்பேட்டை, வாணியம்பாடித் தோல் ஆலைகளும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் கூட்டாகக் கம்பெனி அமைத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டின. தனியாக அந்தச் செலவைத் தாங்கக்கூடிய பட்டறை அங்கே எத்தனை? ஆனால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, பொது நிலையம் சரியாக ஓடாததற்கு அதில் சேர்ந்த எல்லோரும் சேர்ந்தே விலை கொடுத்தார்கள். கூட்டுப் பொறுப்பு என்றால் பக்கத்துப் பட்டறையின் தவறும் உங்கள் தலையில் விழும்.

பாக்கி 11 லட்சம்

இங்கே உங்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது: சங்கம் பேசி வாங்கித் தரும் என்று. சங்கத்துக்கு வசூல் அதிகாரம் கிடையாது. அதிகாரம் உங்கள் உத்யம் பதிவில், அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவில், இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் தவணை செல்லாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 என்றால் வட்டி ஆண்டுக்கு 16.5. உங்கள் உத்யம் சான்றில் பதிவுத் தேதி இந்தப் பில்களுக்கு முந்தையதுதானா என்று முதலில் பாருங்கள். பிந்தையது என்றால் வழக்கில் அதையே எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதிக் கவுன்சிலுக்கு நேராகப் போக வேண்டாம். முதலில் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல்: பில் எண், தேதி, 45ஆம் நாள் எது, உங்கள் உத்யம் எண். அதோடு, குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் கட்டாத தொகையைக் கட்டும் வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்ற வருமான வரி விதியையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். 2023-24 கணக்கிலிருந்து வந்த இந்த விதியை ஆடிட்டர்கள் 43பி (எச்) என்பார்கள். மார்ச் நெருங்கும்போது அந்த ஒரு வரி செய்யும் வேலையை நூறு போன் கால்கள் செய்யாது. பார்ட்டியின் விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்றால் அவர்கள் டிரெட்ஸ் என்ற, பில்லுக்கு வங்கிகள் முன்பணம் தரும் இணையத் தளத்தில் சேர்ந்திருக்க வேண்டும். பில்லை அங்கே ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். பார்ட்டி ஒப்புக்கொண்டால் பணம் வங்கியிடமிருந்து வந்துவிடும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் கோவையிலேயே இருக்கும் அந்த வசதிக் கவுன்சிலில் மனு. அந்தக் கவுன்சிலில் சிறுதொழில் சங்கங்களின் பிரதிநிதிக்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிறது. தாமதம், நடைமுறைச் சிக்கல்கள்பற்றிக் குரல் கொடுக்க அது பயன்படும். உங்கள் வழக்கை அவர் ஜெயித்துத் தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள், கேட்கவும் செய்யாதீர்கள். அவர் அங்கே நடுவர். உத்தரவு உங்களுக்குச் சாதகமாக வந்தபின் கம்பெனி எதிர்த்துப் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 90 நாளில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும்.

ஜாப் நின்றுவிடும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் சங்கம் கைகொடுக்கும். ஒரே கம்பெனியிடம் பத்துப் பேருக்குப் பாக்கி என்றால், யார் பெயரையும் சொல்லாமல், மொத்தத் தொகையையும் சராசரி நாள் கணக்கையும் மட்டும் குறிப்பிட்டுச் சங்கம் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதலாம். பர்ச்சேஸ் மேனேஜரைத் தாண்டி விஷயம் மேலே போவதே பாதி வெற்றி.

அந்த ரேட் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரே தொழிலில் போட்டியாளர்களாக இருப்பவர்கள் கூடிக் குறைந்தபட்ச விலை வைப்பது, 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி கூட்டுச் சதியாகவே கருதப்படும். சங்கத்தின் தீர்மானம் என்பதால் தப்பிக்க முடியாது; "சங்கம் எடுக்கும் முடிவு" என்று சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சிறுதொழில் என்ற விலக்கும் கிடையாது. மருந்து வணிகர் சங்கங்கள்மீது போட்டி ஆணையம் அடுத்தடுத்துப் போட்ட உத்தரவுகளில் சங்கத்துக்கு மட்டும் அல்லாமல் பொறுப்பாளர்களுக்கும் அபராதம் விழுந்திருக்கிறது. "எல்லா ஊரிலும் இப்படித்தான் பேப்பரில் போடுகிறார்கள்" என்பீர்கள். உண்மைதான். புகார் கொடுக்க ஒரு பார்ட்டி முன்வரும் வரை எல்லாம் சரியாகத்தான் போகும். அன்றைக்கு மினிட்ஸ் புத்தகத்தில் உள்ள கையெழுத்துதான் சாட்சி.

அதற்குப் பதில் சங்கம் செய்யக்கூடியது: மின்சாரம், இன்செர்ட் (வெட்டும் முனை), கூலி, தேய்மானம், வட்டி எல்லாம் சேர்த்து ஒரு மணிக்கு அடக்கம் எவ்வளவு என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கலாம். ரேட்டை அவரவர் முடிவு செய்யட்டும். தன் அடக்கத்தைத் தெரியாமலே ரேட் குறைப்பவர்கள்தான் இங்கே பெரும்பாலோர். அந்தக் கணக்கு தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

சேர்வதா, வேண்டாமா

சேருங்கள், பார்த்துச் சேருங்கள். கோவையில் 1969 முதல் இருக்கும் கொடிசியா போன்ற பெரிய அமைப்பும் உண்டு, குறுந்தொழில்களுக்கென்றே உள்ள டாக்ட் போன்றவையும் உண்டு, பகுதிவாரிச் சங்கங்களும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டதிலும் இருக்கலாம். உங்களை அழைக்கும் சங்கம் முறைப்படி பதிவு பெற்றதா, தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கிறார்களா, செயற்குழுவில் பத்து ஆட்களுக்குக் கீழே வைத்துப் பட்டறை நடத்துகிறவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஜாப் கொடுப்பவர்களும் ஜாப் எடுப்பவர்களும் ஒரே சங்கத்தில் இருந்தால், தாமதமான பணம்பற்றிப் பேச்சு வரும்போது யார் குரல் ஓங்கும் என்பது உங்களுக்கே தெரியும். கட்டட நிதியைக் கட்டாயம் என்று சொன்னால் விதிப்புத்தகத்தில் எந்த விதி என்று காட்டச் சொல்லுங்கள்.

போன வருடம் அவர்கள் கொடுத்த மனுக்களில் இரண்டை வாங்கிப் படியுங்கள். அதில் எண்கள், பில் நகல்கள், மாற்ற வேண்டிய விதியின் வரி எல்லாம் இருந்தால் சந்தா வீண் போகாது. பொன்னாடைப் படங்களும் பொதுவான கோரிக்கைகளும்தான் இருக்கின்றன என்றால் வேறு சங்கம் பாருங்கள். ஆனால் அதற்கெல்லாம் அடுத்த மாதம் நேரம் இருக்கிறது. பதிலுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். சலான் ஃபைலை இன்று இரவே எடுத்து வையுங்கள்.